முப்பத்து நான்கு பாட்டில் தண்ணீர்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

முந்தாநாள் நீ போனை வைத்த பிறகும் ஐந்து நிமிடம் நான் அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் வாடகைக்கு இருக்கும் அறையின் சொந்தக்கார அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். அவருக்காக நடுநடுவே "ம், ம்" என்று வேறு சொன்னேன். போனில் உன்னோடு வாதாட எனக்கு வராது. நீ மூன்று வாக்கியம் பேசி முடிப்பதற்குள் நான் முதல் வாக்கியத்துக்கே வார்த்தை தேடிக்கொண்டிருப்பேன். அதனால்தான் கடிதம். இதை நீ நடுவில் வைக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன் படிப்பாய்.

ஆமாம், உன் கம்பெனி ஆபீஸ் வேலைக்கு நான் விண்ணப்பம் போடவில்லை. இந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். ஓராண்டுக்குத் தற்காலிக ஆசிரியை, மூன்றாம் வகுப்பு, முப்பத்து நான்கு பிள்ளைகள். நீ படிப்பை ஒன்பதாவதோடு நிறுத்திக்கொண்டு என்னைப் படிக்க வைத்தது இதற்கா என்று கேட்டாய். ஆனால் நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பள்ளிக்குப் பின்னால் இருநூறு அடி நடந்தால் கடல். மணல் கிடையாது, முழுக்கக் கறுப்புப் பாறை. துறைமுக அலுவலகப் பலகையில் தினமும் கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் எழுதிப் போடுகிறார்கள். நேற்று பௌர்ணமி. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும்தான் கடல் மிக அதிகமாக வற்றுமாம். காலை ஒன்பதுக்கு வற்றம் என்றிருந்தது. ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். கடல் பின்வாங்கிப்போன இடத்தில், பாறைப் பள்ளங்களில், தண்ணீர் அப்படியே தேங்கி நிற்கிறது. அதில் ஒரு குட்டை. நம் வீட்டில் துணி ஊறவைக்கும் அலுமினிய அண்டா அளவுதான் இருக்கும். குனிந்து பார்த்தேன்.

அக்கா, கல்லூரியில் கடல் சாமந்தி என்ற பிராணியை மூன்று வருடம் படித்தேன். ரெக்கார்டு நோட்டில் வரைந்து, பாகங்களைக் குறித்து, பத்துக்கு ஒன்பது வாங்கினேன். ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி ஜாடிக்குள் மருந்துத் தண்ணீரில் அது கிடந்தது, ஊறிப்போன பஞ்சு மாதிரி. அதற்கு நிறம் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. நேற்று பார்த்தது பச்சை, நுனியில் ஊதா. நான் விரலால் தொட்டதும் என் விரலைப் பிடித்துக்கொண்டது. அத்தனை மென்மையாக. நான் அங்கேயே, யாரும் இல்லாத பாறையில், "அய்யோ" என்று சத்தமாகச் சொன்னேன். நான் சத்தமாகப் பேசி நீ எப்போது கேட்டிருக்கிறாய்?

அந்த ஒரு அண்டாத் தண்ணீரில் பதின்மூன்று கடல் சாமந்தி, எண்ண முடியாத நத்தைகள், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகள் ஏழு, கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகள், ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு நட்சத்திர மீன். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகப் போகிறேன். தலைமை ஆசிரியையிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. கேட்டுவிடுவேன்.

உன் தங்கை

* * *

பிப்ரவரி 9

ஏய் ஊமைக்கோட்டான்,

துணி வெட்டுற மேஜையில மிச்சமாகிற பழுப்புக் காகிதத்துலதான் எழுதுறேன், சாயங்கால டீ நேரத்துல. பேசுற மாதிரிதான் எனக்கு எழுத வரும். தப்பு கண்டுபிடிச்சு சிவப்பு மை போட்டு அனுப்பாதே, டீச்சரம்மா.

சந்தோஷம். கடல்ல பூ பார்த்தியாம். விரலைப் பிடிச்சுதாம். பதினாறு வருஷமா உன் கையை நான் பிடிச்சிருக்கேன், அதுக்கு ஒரு "அய்யோ" கிடைக்கலை.

விஷயத்துக்கு வர்றேன். ஆபீஸ் சீட் இன்னும் காலியாத்தான் இருக்கு. மேனேஜரை நான் மூணு வாரமா விடாம நச்சரிச்சேன். பட்டதாரி, தங்கமான பொண்ணு, வாயே திறக்க மாட்டாள்னு சொன்னேன். வாயே திறக்காத ஆள்தான் ஆபீஸுக்கு வேணும்னு அவரும் சிரிச்சிட்டு, மார்ச் பதினெட்டு, காலை பத்து மணிக்கு நேர்ல வரச் சொல்லியிருக்கார். நிரந்தர வேலை. ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. நான் பதினோரு வருஷமா நின்னுக்கிட்டே வெட்டுறேன், உட்கார்ந்து பார்க்கிற வேலை நம்ம வீட்டுல யாருக்குமே கிடைச்சதில்லை. அப்பாவுக்கு லாரி சீட் இருக்கேன்னு சொல்லாதே, அது வேற.

அப்பாகிட்ட சொல்லிட்டேன். கத்துவார்னு பார்த்தா, போற ஷெட்டுல எல்லாம் "என் சின்னப் பொண்ணு கடல் வாத்தியார்"னு சொல்லிட்டுத் திரியறார். இந்த வீட்டுல புத்தி இருக்கிறது எனக்கு மட்டும்தான்.

மார்ச் பதினெட்டு. குறிச்சு வை.

அக்கா

ஒண்ணு கேட்கணும். சும்மாதான். தண்ணி வத்தினதும் பள்ளத்துல இருக்கிறது பிழைச்சுக்கும், சரி. மேல காய்ஞ்ச பாறையில ஒட்டிக்கிட்டு இருக்கிறது என்ன பண்ணும்?

* * *

பிப்ரவரி 13

அன்புள்ள அக்கா,

உன் "சும்மாதான்" கேள்வியை அப்படியே வகுப்பில் கேட்டேன். யாருடைய கேள்வி என்று பிள்ளைகள் கேட்டார்கள். என் அக்காவுடையது என்றேன். "உங்க அக்கா எந்த கிளாஸ்?" என்றாள் ஒருத்தி. அவளுக்கு வகுப்பில் கேள்விக்குறி என்று பெயர். உட்காரும்போதுகூட அப்படித்தான் வளைந்து உட்காருவாள். அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பையன் ரேடியோ. அவனை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறதென்று அவனுடைய அம்மாவுக்கே தெரியாதாம்.

பதில் இதுதான். பாறையில் கொட்டலசு என்று ஒன்று இருக்கிறது. சிறிய எரிமலை போல ஓடு, உச்சியில் கதவு. கடல் வற்றியதும் கொஞ்சம் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடும். வெயிலில், காற்றில், ஆறு மணி நேரம் அப்படியே. கடல் திரும்பி வந்ததும் கதவைத் திறந்து இறகு போன்ற கால்களை நீட்டிச் சாப்பிடும்.

இதை எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் தெரியுமா? என் நீலப் படுக்கை விரிப்பைக் கொண்டுபோனேன். அதுதான் கடல். பெஞ்சுதான் பாறை. பத்துப் பிள்ளைகள் பெஞ்சின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு கொட்டலசாக உட்கார்ந்தார்கள். நானும் ரேடியோவும் விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து அவர்கள் மேல் ஏற்றினால் கைகளை விரித்து ஆட்ட வேண்டும், இறக்கினால் மூடிக்கொள்ள வேண்டும். மூன்றாவது முறை விரிப்பை இறக்கிவிட்டு நான் வேண்டுமென்றே மீண்டும் ஏற்றவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். "டீச்சர், கடல் எப்ப வரும்?" என்று ஒரு கொட்டலசு மூடிய வாயால் கேட்டது. "காத்திருங்க. அங்கே இருக்கிற எல்லாமே இப்படித்தான் காத்திருக்கு, தண்ணிக்காக, ஆறு மணி நேரம்" என்றேன். கேள்விக்குறிக்குக் கண் கலங்கிவிட்டது. பாடம் நடத்துவது என்றால் இதுதானா என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். நேரில் இல்லை, ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துவிட்டு வெளியே நின்றேன். அவர் தாளுடன் வாசலுக்கு வந்து, "நீங்க இங்கதானே நிக்கிறீங்க, வாயால கேட்கக் கூடாதா?" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். வரும் செவ்வாய், பதினேழாம் தேதி, அமாவாசை வற்றம். துணைக்கு விளையாட்டு ஆசிரியர் விசிலோடு வருகிறார். பிள்ளைகளுக்கு மூன்று விதி: எதையும் பிய்க்கக் கூடாது, புரட்டிய கல்லைப் பழையபடி வைக்க வேண்டும், அலை பக்கம் போகக் கூடாது. குடிக்கத் தண்ணீர் பாட்டில், தொப்பி, ரப்பர் செருப்பு.

மார்ச் பதினெட்டைக் குறித்து வைத்திருக்கிறேன். அதைப் பற்றி இப்போது கேட்காதே, அக்கா. செவ்வாய் வரைக்கும் என்னால் வேறெதையும் யோசிக்க முடியாது.

உன் தங்கை

* * *

பிப்ரவரி 18

அக்கா,

நேற்று நான் குட்டையைக் கொன்றுவிட்டேன்.

வரிசையாகச் சொல்கிறேன். முதல் இருபது நிமிடம் எல்லாம் நான் கனவு கண்டபடியே போனது. அதற்கும் மேலேயே. குட்டையைச் சுற்றி முப்பத்து நான்கு தொப்பிகள். நட்சத்திர மீனைப் பார்த்ததும் ரேடியோ "டீச்சர், இதுக்கு முகம் எந்தப் பக்கம்?" என்றான். பிறகு அவனுடைய செருப்பு ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கப் பத்தடி தள்ளிப் போனேன். நான்கு நிமிடம் இருக்கும்.

திரும்பிப் பார்த்தபோது வரிசையாக நின்று எல்லோரும் குட்டையில் பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. ஒருவர் ஊற்றிவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டார்கள். முதலில் ஊற்றியது கேள்விக்குறி. "டீச்சர், பாவம், ஆறு மணி நேரமா தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருக்கு" என்றாள், சிரித்த முகத்தோடு. விளையாட்டு ஆசிரியர் தன்னுடைய இரண்டு லிட்டர் கேனைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் பாடம்னு நெனச்சேன் டீச்சர்" என்றார்.

அவை உப்புத் தண்ணீரில் வாழ்பவை, அக்கா. நல்ல தண்ணீர் அவற்றுக்கு விஷம். நட்சத்திர மீனுக்கு அதைத் தடுக்க எந்த வழியும் கிடையாது, உடம்புக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். இதைத் தேர்வில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஊத்தாதீங்க" என்று கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. காலிப் பாட்டில்களை அள்ளிக்கொண்டு அலை பக்கம் ஓடினேன். நானும் விளையாட்டு ஆசிரியருமாக ஏழெட்டுத் தடவை கடல் தண்ணீரை மொண்டு வந்து ஊற்றினோம். பிள்ளைகள் அசையாமல் நின்று பார்த்தார்கள். கடல் சாமந்திகள் எல்லாம் சுருங்கி மண் உருண்டைகளாகிவிட்டன. இறால்கள் பக்கவாட்டில் மிதந்தன. நட்சத்திர மீன் பாறையிலிருந்து கழன்று, கைகள் தொய்ந்து, கீழே கிடந்தது. கேள்விக்குறி என்னைக் கேட்டாள்: "தூங்குதா?"

மாலையில் இரண்டு பெற்றோர்கள் புகார் சொல்ல வந்தார்கள். இறந்த மீனைப் பற்றி இல்லை. பிள்ளைகள் வெயிலில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் வந்தார்களாம். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். இடுப்புவரை உப்புக் கறையோடு நின்றேன். "கடல் எங்கேயும் போகாது டீச்சர். நீங்க வகுப்புல படம் காட்டி நடத்துங்க, போதும்" என்றார். நான் தலையாட்டினேன்.

உன் மேனேஜரிடம் நீ சொன்னது சரிதான். வாயே திறக்காத ஆள்தான் நான்.

* * *

பிப்ரவரி 23

குட்டி,

முதல்ல சிரிச்சேன், மறைக்க மாட்டேன். அந்த விசில் வாத்தியார் கேனைக் கவிழ்த்த இடத்துல மேஜைக்குக் கீழ குனிஞ்சு சிரிச்சேன். அப்புறம் "தூங்குதா"ன்னு அது கேட்ட இடம் வந்துச்சு. டீ ஆறிப்போச்சு.

சரி, இப்ப சொல்றேன் கேளு. போன வருஷம் அறுபது அடுக்குத் துணியை நான் தலைகீழா வெட்டினேன். பூ எல்லாம் கவுந்திருச்சு. சூப்பர்வைசர் வந்து "யார் இது?"ன்னு கேட்டப்ப நான் கத்தரிக்கோலை எண்ணெய் போட்டுத் துடைச்சிட்டு இருந்தேன், காது கேட்காத மாதிரி. பக்கத்து மேஜைக்காரி திட்டு வாங்கினாள். இன்னிக்கு வரைக்கும் அவள் என்கூட சாப்பிட உட்காரறதில்லை. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. உனக்கும் ஏன் சொல்றேன்னு தெரியலை. நீ உன் தப்பை முழுசா எழுதி அனுப்பினியா, அதனால இருக்கும்.

ஆனா ஒண்ணு. உனக்கு இந்த அவமானமெல்லாம் எதுக்கு? ஆபீஸ்ல தப்பு பண்ணினா ரப்பர் போட்டு அழிச்சிடலாம். எதுவும் சாகாது. மார்ச் பதினேழாம் தேதி சாயங்கால பஸ்ஸுக்கு டிக்கெட் எடு. நான் உன் அளவுக்கு ஒரு சட்டை தைச்சு வைக்கிறேன்.

அந்தச் சின்னக் குழந்தை என்ன ஆச்சு? அதை மட்டும் எழுது.

அக்கா

* * *

மார்ச் 5

அன்புள்ள அக்கா,

அந்தச் சின்னக் குழந்தை நான்கு நாள் பள்ளிக்கு வரவில்லை. வயிற்று வலி என்று சொல்லி அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறார். கடைக்குப் பின்னாலேயே ஒரே அறை வீடு. கேள்விக்குறி இஸ்திரி மேஜைக்கு அடியில், மடித்த துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நானும் கீழே உட்கார்ந்தேன். மேஜைக்கு மேலே நீராவி, கீழே நாங்கள் இரண்டு பேர்.

"நான்தான் முதல்ல ஊத்தினேன்" என்றாள். "என்னைப் பார்த்துதான் எல்லாரும் ஊத்தினாங்க."

"அது தண்ணிக்குக் காத்திருக்குன்னு உனக்கு யார் சொன்னா?"

"நீங்க."

"அப்ப தப்பு யாருது?"

ஒரு மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "உப்புத் தண்ணிதான் வேணும்னு நீங்க சொல்லவே இல்லை. ஆனா நான் கேட்கவும் இல்லை. நான் எல்லாத்துக்கும் கேட்பேன், இதுக்கு மட்டும் கேட்கலை." பிறகு முடிவு சொன்னாள்: "பாதி பாதி."

மேலே இஸ்திரிப் பெட்டி நின்றுவிட்டது. அவளுடைய அம்மா குனிந்து பார்த்து, "நாளைக்குப் பாதி வயித்து வலியோட போ" என்றார்.

அவள் வந்தாள். அன்று காலை இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்தேன். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் கெட்டியாக உப்புக் கரைத்த தண்ணீர். இரண்டிலும் உலர் திராட்சை. கடைசி மணிக்குள் நல்ல தண்ணீர்த் திராட்சை உருண்டு திரண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் இருந்தது சுருங்கியபடியே இருந்தது. கேள்விக்குறிதான் எழுந்தாள். "நட்சத்திர மீனும் இப்படித்தான் ஊதியிருக்கும். அதுக்குத்தான் நிஜமா வயிறு வலிச்சிருக்கும்." உடனே ரேடியோ வாசலைப் பார்த்து, "வாங்க மேடம், இது என்னன்னா" என்று ஆரம்பித்துவிட்டான். தலைமை ஆசிரியை எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ தெரியாது. குட்டை, பாட்டில், உப்பு, திராட்சை என்று மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

அக்கா, அப்போது நான் பேசினேன். தாள் இல்லாமல். "மேடம், அன்னிக்கு நான் ஒரு வாக்கியம் சொல்ல மறந்துட்டேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவ்வளவும் செத்துச்சு. இவங்க அதை இப்ப அவங்களாவே கண்டுபிடிச்சிட்டாங்க. மீதி என்ன பிழைச்சிருக்குன்னு இவங்க போய் எண்ணணும். கணக்கு எடுக்காம விட்டா, ஊத்தினது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்." கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. கடைசிப் பெஞ்சு பிறகு சொன்னது.

அவர் இரண்டு நிபந்தனை போட்டார். தானும் கூட வருவார். அதற்கு முன் எல்லாப் பெற்றோரையும் கூட்டி, நடந்ததை ஒலிபெருக்கியில் நானே சொல்ல வேண்டும்.

போவதற்கு நாள் பார்த்தோம். முந்தாநாள் வற்றம் தவறிவிட்டது. அடுத்த அமாவாசை வற்றம் மார்ச் பதினெட்டு, காலை ஒன்பது. அதற்கடுத்த பௌர்ணமி வற்றம் ஏப்ரல் இரண்டு. அதற்குள் பரீட்சை தொடங்கிவிடும், பிள்ளைகளை வெளியே விட மாட்டார்கள்.

மேனேஜரிடம் வேறு தேதி கேட்கலாம். கடலிடம் கேட்க முடியாது. நான் பதினெட்டாம் தேதி உன்னிடம் வர மாட்டேன், அக்கா. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு தடவையும் காரணங்களாக அடுக்கினேன். இப்போது காரணம் எழுதவில்லை. வர மாட்டேன்.

எண்ணுவதற்குப் பாறைமேல் ஒரு முழச் சதுரம் போட வேண்டும். கயிற்றில் கட்டிப் பார்த்தேன், கோணிக்கொண்டு போகிறது. வேறு ஏதாவது செய்கிறேன்.

உன் தங்கை

* * *

மார்ச் 11

பார்சல்ல எட்டுச் சதுரம் இருக்கு. ஒண்ணொண்ணும் பக்கத்துக்கு ஒரு முழம். உள்ள குறுக்கும் நெடுக்கும் நாடா தைச்சிருக்கேன், ஒரு சதுரத்துக்கு இருபத்தஞ்சு கட்டம். மூலையில சின்னப் பை வெச்சு உள்ள கூழாங்கல் போட்டிருக்கேன், காத்துல பறக்காது. வெள்ளை நூல் தண்ணிக்குள்ள தெரியாதுன்னு சிவப்புல தைச்சேன்.

எல்லாம் கோபத்துல தைச்சது. கோபத்துல எனக்கு அளவு தப்பாது.

மேனேஜர்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை. வேற ஒண்ணும் எழுத வரலை.

அக்கா

* * *

மார்ச் 18, மாலை

என் அக்காவுக்கு,

உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து. என் செருப்பில் இன்னும் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

முதலில் சனிக்கிழமை நடந்த கூட்டம். அறுபது பேர். ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தினேன், கிறீச்சிட்டது. அதன் சத்தம் முதலில் கேட்டது, என் சத்தம் பிறகு. நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், நட்சத்திர மீனையும் சேர்த்து. ஒரு அப்பா எழுந்தார். "இது பரீட்சைக்கு வருமா?" என்றார். "வராதுங்க" என்றேன். அப்போது சலவைக் கடை அம்மா பின்னாலிருந்து, "அப்ப மறக்க மாட்டாங்க" என்றார். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், கேள்வி கேட்டவரும்.

இன்று காலை எட்டரைக்குக் கிளம்பினோம். பிள்ளைகளின் பாட்டில்களை எல்லாம் தலைமை ஆசிரியை ஒரு கூடையில் போட்டு மூடச் சொன்னார். கூடை பாறை ஏறும் இடத்தில் இருந்தது, யாருக்காவது குடிக்க வேண்டுமென்றால் அங்கே போய்க் குடிக்க வேண்டும், விளையாட்டு ஆசிரியர் உட்பட. அவர் இரண்டு தடவை போனார், இரண்டு தடவையும் எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

உன் சதுரங்களைப் போட்டோம். எட்டுக் குழு. அக்கா, அவை பாறைமேல் படுத்த விதத்தை நீ பார்க்க வேண்டும். ஒரு மூலைகூடக் கிளம்பவில்லை. சிவப்பு நூல் தண்ணீருக்குள் கோடு கிழித்த மாதிரி தெரிந்தது. "இது எந்தக் கடையில வாங்கினது?" என்றார் தலைமை ஆசிரியை. "எங்க அக்கா வெட்டித் தைச்சது" என்றேன். "என்ன படிச்சிருக்காங்க?" என்றார். "இதுதான்" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று தெரியவில்லை.

பிறகு எண்ணினார்கள். நாற்பது நிமிடம், கூச்சல் கிடையாது. ரேடியோகூட வாயை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினான், நடுவில் பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகிறது என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. ஒரு கட்டத்தில் கொட்டலசு நாற்பத்தொன்று. பிள்ளைகள் கத்தாமல் கிசுகிசுப்பாகக் கத்தினார்கள், அப்படி ஒரு சத்தம் இருக்கிறது, இன்றுதான் கேட்டேன்.

கேள்விக்குறியின் குழுவுக்கு அந்தக் குட்டை. நான் கொடுக்கவில்லை, அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். குப்புறப் படுத்து, மூக்கு தண்ணீரில் தொடும்படி பார்த்தாள். கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அதை நிரப்பிக் கழுவி நிரப்பிக் கழுவி, இந்த ஒரு மாதமாக வேலை செய்திருக்கிறது. கடல் சாமந்தி பதினொன்று, எல்லாம் விரிந்திருந்தன. இரண்டு இல்லை. துறவி நண்டு ஒன்பது, முன்பைவிட இரண்டு கூட. புதிதாக விரல்நீள மீன் ஒன்று. இறால் குஞ்சு ஏராளம், எண்ண எண்ண இடம் மாறின. நட்சத்திர மீன் இல்லை. பக்கத்துப் பள்ளங்களிலும் தேடினாள், கல்லைப் புரட்டிப் புரட்டிப் பழையபடி வைத்து. எங்கும் இல்லை.

எழுந்து என்னிடம் வந்தாள். நான் பயந்தேன். "டீச்சர், இல்லைன்னா தாள்ல அந்தக் கட்டத்தை வெறுமையா விடணுமா, பூஜ்ஜியம் போடணுமா?"

"நீ தேடிப் பார்த்தியா?"

"எல்லாப் பக்கமும்."

"அப்ப பூஜ்ஜியம் போடணும். தேடாதவங்கதான் வெறுமையா விடணும்."

பென்சிலை அழுத்தி வட்டமாகப் போட்டாள். பக்கத்தில் தேதியும் போட்டாள். "அடுத்த தடவை மறுபடியும் தேடணும் இல்ல?" என்றாள். நான் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். அவர் புடவையை முழங்கால்வரை செருகிக்கொண்டு ஒரு குட்டைமுன் குந்தியிருந்தார், கடல் சாமந்தி அவர் விரலைப் பிடித்திருந்தது. நிமிராமலே, "தேடாம? வருஷம் பூரா அட்டவணை போட்டுருங்க டீச்சர். பரீட்சை நாள்லேயும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்" என்றார். சற்றுப் பொறுத்து, "அடுத்த வருஷத்துக்கும் சேர்த்தே போடுங்க. நீங்க இருப்பீங்கதானே?" என்றார்.

"இருப்பேன் மேடம்" என்றேன். அலைச் சத்தத்தைத் தாண்டி, ஒரே தடவையில், அவருக்குக் கேட்டது.

அப்போது மணி பத்தேகால். நீ அங்கே எங்கே நின்றுகொண்டிருந்தாயோ என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கப் பயமாக இருந்தது.

உன் தங்கை

* * *

மார்ச் 23

குட்டி,

பத்தேகாலுக்கு நான் எங்க நின்னேன்னு கேட்டியே. மேனேஜர் ரூம்ல நின்னேன்.

சரியா பத்து மணிக்குப் போனேன். ஏப்ரன்ல சாக்பீஸ் தூளோட. "எங்கம்மா உன் தங்கச்சி?"ன்னார். "வரலை சார். அங்க கடல் வத்துது"ன்னேன். அவர் பேனாவைக் கீழ வெச்சிட்டார். "கடல் வத்தினா அவங்களுக்கு என்ன?"ன்னார். எனக்கு எங்கிருந்து வந்துச்சோ கோபம். கொட்டலசு கதவைச் சாத்திக்கிறதுல ஆரம்பிச்சேன். நல்ல தண்ணி ஊத்தினா நட்சத்திர மீன் ஊதிப்போறது, முப்பத்து நாலு பாட்டில், திராட்சை, சதுரம் எல்லாம் சொன்னேன். கால் மணி நேரம். நடுவுல அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தே பேசினேன். கடைசியில "அந்த சீட் வேற யாருக்காவது கொடுத்திடுங்க சார், அவளுக்கு வேலை இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் பக்கத்து மேஜைக்காரிகிட்டப் போனேன். அறுபது அடுக்கையும் வெட்டினது நான்தான்னு அவளுக்குத் தெரியும், ஆனா நான் சொல்லிக் கேட்டதில்லை. சூப்பர்வைசரையும் கூப்பிட்டு வெச்சே சொன்னேன். ஒரு நாள் முழுக்க எல்லார் வாயிலேயும் நான்தான். மறுநாள் அவள் சாப்பாட்டுக்கு எதிர்ல வந்து உட்கார்ந்தாள். பேசலை. உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

இதையும் சொல்லிடறேன். ஆபீஸ் சீட் உனக்காகன்னுதான் நானும் நம்பிட்டு இருந்தேன். நாற்காலி, ஃபேன்னு சொன்னதெல்லாம் அப்புறம் சேர்த்தது. அப்பா லாரி எடுத்தா பத்து நாள் வர்றதில்லை. நீ காலேஜ் முடிச்சிட்டு வருவே, மதியம் ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பாட்டு டப்பாவைத் திறப்போம்னு மூணு வருஷமா நினைச்சுட்டு இருந்தேன். அதை அப்படியே கேட்க எனக்கும் வாய் வரலை. நீ மட்டும்தான் ஊமைன்னு நினைச்சேன்.

ஏப்ரல் ஒண்ணு, ரெண்டு, மூணு லீவு எழுதிக் கொடுத்திட்டேன். பதினோரு வருஷத்துல நான் மூணு நாள் சேர்ந்தாப்பல லீவு போட்டதில்லை, சூப்பர்வைசர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. "தங்கச்சி ஸ்கூல்"னு எழுதினேன்.

அந்தப் பொண்ணோட குழுவுல என்னைச் சேர்த்துக்குமான்னு கேட்டு வை. எண்ணத் தெரியும், அடுக்குத் துணி எண்ணின கைதான். ரெண்டாம் தேதி தண்ணி எத்தனை மணிக்கு வத்தும்னு மட்டும் உடனே எழுது, பஸ்ஸை நான் பார்த்துக்கறேன்.

அக்கா